கறைபடாத மண்

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு.
சத்தம் முடிந்திருந்தது.
ஆடுகள்தான் முடிக்கவில்லை.

முதல் வேலை, வளைத்துக் கட்டுவது.
ஜீப்பில் இருந்த மஞ்சள் நாடா
வேப்பமரத்திலிருந்து சுங்கக் கொட்டகை வரைக்குமே எட்டியது.
மீதிக்குக் கயிற்றுக்கடை மொக்கையன்
ஆட்டுக்கயிறு முப்பது முழம் அவிழ்த்துத் தந்தார்.
காசு வேண்டாம் என்றார்.
ரசீது வேண்டுமே என்றேன்.
பெருவிரலை நீட்டினார்.
கோப்பில் இரண்டாம் பக்கம் அது இருக்கிறது.

எண் அட்டைகள் பத்து.
தோட்டா உறைகள் இருபத்துமூன்று.
டீக்கடைக் காகிதக் கப்புகளைக் கவிழ்த்து
பேனாவால் எண் போட்டோம்.
காற்றில் பதினாலு உருண்டு
பத்தொன்பதோடு போய் நின்றது.
கான்ஸ்டபிள் ஜெபகனி ஓடிப் பிடித்தாள்,
கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல.
ஒருவரும் சிரிக்கவில்லை.

மூச்சிருந்தவர்களை
மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றியாயிற்று.
அவசரமில்லாதவர்கள் ஏழு பேர்
சாக்குப் படுதாவின் கீழ்.

சுட்டவன் பெயரை இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.
எனக்கு மகஜர்.
‘கறைபட்ட மண் ஒரு பிடி,
கறைபடாத மண் ஒரு பிடி,
தனித்தனிப் பொட்டலம்.’
இருபத்தாறு வருடமாய் எழுதுகிற வாக்கியம்.
முதல் பிடி குனிந்ததும் கிடைத்தது.
இரண்டாவதற்கு நானும் வி.ஏ.ஓ.வும்
சந்தை முழுக்க நடந்தோம்.
தண்ணீர்த் தொட்டியோரம், இல்லை.
தராசுக்கடியில், இல்லை.
ஆட்டு ரத்தமா ஆள் ரத்தமா,
ஆய்வகம்தான் சொல்லவேண்டும்.
ஈ சொல்லாது.
கடைசியில் ஒரு கிடாயை எழுப்பினோம்.
அது படுத்திருந்த இடத்தில் அள்ளினேன்.
அரக்கு வைக்கும்போதும்
பொட்டலத்துக்குள் வெதுவெதுப்பு.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் அங்கயற்செல்வி
எங்களை லாரி நிழலில் நிறுத்திச் சொன்னார்:
“‘சீரியஸா இருக்காரு’ன்னு சொல்லி
யாரையும் மதுரைக்குக் கூட்டிட்டு வராதீங்க.
அந்த நாப்பது கிலோமீட்டரும்
சாமிகிட்ட பேரம் பேசிக்கிட்டே வருவாங்க.
எறந்துட்டாருன்னு சொல்லுங்க.
அந்தச் சொல்லையே சொல்லுங்க.
சொல்லிட்டுக் கெளம்பிராதீங்க.”

ஆறு பேருக்குப் பெயர் வந்தது.
ஏழாமவர் மடியில்
வெற்றிலை, சுண்ணாம்புடப்பி,
ரப்பர் போட்ட நாலாயிரத்து இருநூறு.
போன் இல்லை.
முகம், காட்டுகிற மாதிரி இல்லை.

பொழுது சாய
ஆட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு
அவரவர் ஆட்டை ஓட்டிப்போனார்கள்.
நாலு மட்டும் மிஞ்சின.
நாலுக்கும் இடது கொம்பில் நீலப் பெயின்ட்.
ஸ்டேஷன் கொல்லையில் கட்டினோம்.
அகத்திக்கீரை இரண்டு கட்டு என் செலவு.
கணக்கில் ஏறாது.

மறுநாள் ஜெபகனி
போனில் அந்தக் கொம்பின் படத்தோடு போனாள்.
சேடபட்டி. அதற்கும் மேற்கே.
பேர் தெரியாத பட்டிகள்.
நாலரை மணிக்கு அழைத்தாள்.

“ஏட்டய்யா,
இங்க ஒரு வீட்டு நெலை
அதே நீலம்.”

பிறகு கொஞ்ச நேரம் காற்று.

“ஒரு பையன் இருக்கான். எட்டு வயசிருக்கும்.
படத்தப் பாத்துட்டு, நாந்தான் அடிச்சேன்ங்கறான்.
நகத்துல இன்னும் இருக்கு.
நாலும் வித்துருச்சான்னு கேக்குறான்.”

பெரியவங்க?

“அம்மா பருத்திக்குப் போயிருக்காம்.”

இரு, என்றேன்.
பையன்கிட்ட சொல்லாத. அம்மா வரட்டும்.
அய்யா பேரு மட்டும் கேட்டியா?

“கேக்கல.
தண்ணி மோந்துட்டு வந்து குடுத்தான்.
குடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

என் முன்னால் படிவம்.
பெயர் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்ததில்
ஒரு புள்ளி.

“வரப்புல யாரோ வர்றாங்க, ஏட்டய்யா,”
என்றவள்
போனை அணைக்க மறந்துவிட்டாள்.
செருப்புச் சத்தம் கேட்டது.
நான்தான் வைத்தேன்.

கொல்லையில் நாலும்
கீரைக்குக் கத்தின.